நாலு எழுத்தைச் சரியாக அடித்துத் தர முடியாதா?

“யாழ் தேவி.” கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரயிலின் பெயர். நாலே எழுத்து. இதைப் பிழையில்லாமல் ஒரு தாளில் அச்சடித்துத் தாருங்கள் என்று மூன்று மாதமாகக் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது.

அப்பாவுக்காக ஒரு ரயில் எஞ்சின் மாடல் செய்கிறேன். 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் எஞ்சின். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று கனடா மாகாணங்களின் பெயரைச் சுமந்து ஓடியவை. கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கிய நாட்களைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் இந்தக் கனடா எஞ்சினில்தான் தொடங்குவார். எம்2 என்றே ஒரு மாடல் எனக்கு எங்கும் அகப்படவில்லை. ஆனால் அது ஜி12 வகை எஞ்சின். ஜி12ஐ பிரேசிலில் எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். பழையது ஒன்று கைக்கு வந்தது. நம் அகலப் பாதைக்கு இந்த அளவில் தண்டவாள இடைவெளி 19 மில்லிமீற்றருக்கு மேல் வரவேண்டும், இதில் 16.5தான். அதை மாற்ற என்னிடம் வசதி இல்லை, விட்டுவிட்டேன்.

பெயின்ற் வேலையே பெரும் பாடு. பழைய நிறத்தை அல்கஹோலில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தேன். புது நிறம் நன்றாகத்தான் பிடித்தது. மேலே வார்னிஷ் அடித்த அன்று மழை இருட்டு. வெள்ளவத்தையில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். வார்னிஷில் உள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கண் முன்னாலேயே எஞ்சின் முழுவதும் பால் படிந்தது போல வெளுத்தது. சரி, வானத்தோடு சண்டை பிடிக்க முடியாது. சுரண்டிவிட்டு, வெயில் பார்த்து மறுபடி அடித்தேன்.

ஆனால் எழுத்து? அது மனிதர் செய்யும் வேலை!

வீட்டு பிறின்ரரில் அடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கடும் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டும். வீட்டு பிறின்ரரில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை அடிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்குத்தான் டெக்கால் தாளோடு, அதாவது தண்ணீரில் ஊறவைத்து எழுத்தைப் படலமாகக் கழற்றி ஒட்டும் தாளோடு, போகவேண்டும். போனேன். முதல் தாளை வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, படலத்தைப் பிரஷ் முனையால் எஞ்சின் முகத்தில் நகர்த்தி வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், ‘தே’யின் கொம்பு ‘த’வை விட்டு ஓடி ‘வி’க்கு முன்னால் நிற்கிறது! தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியாத ஏதோ பழைய மென்பொருள். கடையில் அவசரப்பட்டுப் பார்க்காமல் வாங்கினேன், அந்தப் பிழை என்னுடையது. ஆனால் அதே தாளில் இருந்த சிங்கள எழுத்தும் முதலில் இப்படித்தான் குழம்பியிருந்தது. அதை அந்தத் தம்பி நான் நிற்கும்போதே கண்டுபிடித்துத் திருத்தினார். தமிழைத் திருத்த அங்கே ஆளில்லை.

இரண்டாம் தடவை எழுத்தாகக் கொடுக்காமல் படமாகவே மாற்றிக் கொடுத்தேன், யாரும் கை வைக்க முடியாது என்று நம்பி. எழுத்துரு அழகாக இல்லையாம், யாரோ புதிதாகத் தட்டிவிட்டார்கள். “யாள் தேவி”! மூன்றாம் தடவை எல்லாம் சரி, ‘ழ்’க்குப் புள்ளி மட்டும் விழவில்லை. கேட்டால், “அண்ணா, இவ்வளவு சின்ன எழுத்தை யார் பார்க்கப் போறாங்க?”

யார் பார்ப்பார்களா? நான் பார்ப்பேன். அப்பா பார்ப்பார். நிஜத்தில் 25 சென்ரிமீற்றர் எழுத்து மாடலில் 3 மில்லிமீற்றர் கூட வராது, எனக்குத் தெரியும். அதற்காகப் புள்ளி வேண்டாமா? இந்தப் பேச்சைத்தான் இந்த ஊரில் எல்லா அளவிலும் கேட்கிறோம். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கையில் ‘தாய்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நாய்’ என்று எழுதி ஒட்டினார்களே, அது என்ன 3 மில்லிமீற்றரா? 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. இத்தனை வருடத்துக்குப் பிறகும், அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுவோம் என்ற எண்ணம் வரவில்லை. காசு மட்டும் மூன்று தாளுக்கும் வாங்கினார்கள்.

யாழ் தேவி 1956இல் ஓடத் தொடங்கிய ரயில். 1990இல் வடக்குப் பாதை நின்றது. மறுபடி யாழ்ப்பாணம் வரை ரயில் போனது 2014 ஒக்டோபரில். இருபத்து நாலு வருடம் காத்திருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அந்தப் பெயரை அவர் முன்னால் பிழையாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது தாளை மேசையில் வைத்திருந்தேன். அப்பா எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “புள்ளி எங்கையடா தம்பி?”

வரும் சனிக்கிழமை கொம்பனித்தெருவுக்கு மறுபடியும் போகிறேன், வேறு கடைக்கு. கணினிக்குப் பக்கத்திலேயே நிற்கப் போகிறேன். பூதக்கண்ணாடியும் கொண்டு போகிறேன். அந்தப் புள்ளியைக் கண்ணால் காணும்வரை ஒரு சதமும் கொடுக்க மாட்டேன்.