விபத்தில் சிக்கிய விமானத்தின் பெயர் ‘அமெரிக்கன் பை’ அல்ல

ஒவ்வொரு பிப்ரவரி 3 அன்றும் ஒரு பதிவு தவறாமல் வலம் வரும்: 1959இல் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ‘பிக் பாப்பர்’ ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகியோர் விபத்தில் இறந்த விமானத்தின் பெயர் ‘அமெரிக்கன் பை’. அந்த விபத்தை நினைவுகூரும் தன் பாடலுக்குப் பாடகர் டான் மெக்லீன் அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

இது தவறு. அந்த விமானத்துக்குப் பெயரே கிடையாது. அது 1947இல் தயாரான பீச்கிராஃப்ட் பொனான்சா, ஒற்றை எஞ்சின் வாடகை விமானம். இருந்தது என்3794என் என்ற பதிவெண் மட்டுமே. பாடல் வந்தது 1971இல். மெக்லீனே இந்தக் கதையை மறுத்திருக்கிறார்.

விபத்துக்கான காரணம் பெயர்க் கதையைவிட முக்கியமானது. பதிவுகளில் அதுதான் விடுபடுகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மேசன் சிட்டியிலிருந்து நள்ளிரவு தாண்டி, ஏறத்தாழ 12.55க்கு விமானம் கிளம்பியது. பனிப்பொழிவு; அடிவானம் தெரியாத இருட்டு. விமானி ரோஜர் பீட்டர்சனுக்குக் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று இல்லை. போதாக்குறைக்கு, விமானத்தின் சாய்வைக் காட்ட அதிலிருந்த ஸ்பெர்ரி எஃப்3 கருவி, விமானத்தின் மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் வழக்கமான கருவிக்கு நேர்மாறாகக் காட்டும். ஏறுகிறோம் என்று நினைத்தபடியே இறங்கியிருக்கக்கூடும். மோசமான வானிலை குறித்த சிறப்பு எச்சரிக்கைகளும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

விமானத்துக்குள் துப்பாக்கி வெடித்ததால்தான் விபத்து நேர்ந்தது என்ற துணைக்கதையும் உண்டு. 2007இல் ரிச்சர்ட்சனின் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தபோது குண்டுக் காயம் எதுவும் இல்லை.