பஸ் ஒன்றே முக்காலுக்குப் போய்விடும்

நேற்று, மலேசியாவில் நான் தமிழ் கற்பிக்கும் இடைநிலைப் பள்ளியில், படிவம் நான்கு (பத்தாம் வகுப்பு) மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "ஐயா, நான் தமிழ் எடுக்கல."

தமிழ் வராத பிள்ளை இல்லை அவன். போன வருடம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தோட்டத்துச் சொற்களை எழுதி வரச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் பத்துச் சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். இவன் மூன்று பக்கம் எழுதி வந்தான். பெரட்டுக்களம், தீம்பார், மங்கு, காண்டா, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை. அவன் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் சொன்ன ஒரு சம்பவத்தைப் பக்கத்திலேயே எழுதியிருந்தான். அந்த மரங்களெல்லாம் போய் இப்போது செம்பனைதான் (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. மங்கு, அதாவது மரத்துப் பாலைப் பிடிக்கும் கிண்ணம், என்னவென்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அவன்தான் பலகையில் வரைந்து காட்டினான்.

அப்படிப்பட்டவன் ஏன் விடுகிறான்? எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகுதான். தோட்டத்துக்குப் போகும் பஸ் ஒன்றே முக்காலுக்குப் போய்விடும். அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அப்பா செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இருக்கிறார், அவர் வந்து ஏற்றிக்கொண்டு போக மாலை ஆகிவிடும். படிவம் மூன்று வரை பசியோடு காத்திருந்து படித்தான். இனி முடியாது என்கிறான். அவனிடம் எந்த வாயால் 'தமிழ் உன் உயிர்' என்று சொல்வேன்?

பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பற்று இருக்கிறது. நேரம்தான் ஒதுக்கப்படவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. ஆனால் பலர் கேட்பதே இல்லை. "தமிழ்ப்பள்ளியில் ஆறு வருசம் படிச்சாச்சே, போதாதா?" என்கிறார்கள். அப்புறம், தேர்வில் தமிழ் எடுத்தால் 'ஏ' குறைந்துவிடும் என்ற பயம். சரி, அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ்ப் பிரிவுக்குப் போக படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். இன்று நம் பிள்ளைகள் தமிழை விட்டால், நாளை தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்த யார் வருவார்கள்?

எங்கள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத்தான் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்காக நாம் பணம்கூடத் தர வேண்டாம். கையெழுத்துப் போட்டால் போதும்.

படிவம் ஒன்று பதிவு நாளன்று அலுவலகத்தில் கேளுங்கள்: தமிழ் வகுப்பு உண்டா, எந்த நாள், எத்தனை மணிக்கு? பள்ளி முடிந்த பிறகுதான் என்றால், அட்டவணைக்குள் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். ஓர் ஆசிரியர் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் அதற்குக் கனம் அதிகம்.

அந்தப் பையனின் மூன்று பக்கங்கள் என் மேசையில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை தோட்டத்துக்கே போய் அவன் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். அந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இன்னும் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்களாம்.