குழந்தை யாரிடம் என்று உளவியலாளர் தீர்ப்பு எழுதுவதில்லை

தருமபுரி, பாலக்கோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், பிரிந்த பெற்றோரில் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "கோர்ட்டில் உளவியலாளர் எழுதுவதுதான் தீர்ப்பு. என்ன பேச வேண்டும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போங்கள்." இது தவறு.

1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் உளவியலாளர் போன்ற நிபுணரின் உதவியைப் பெறலாம். அவர் தருவது கருத்துதான். அதை மறுத்து வாதாடலாம். குழந்தையின் நலனைப் பார்த்து முடிவெடுப்பவர் நீதிபதி.

சரி, சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆறு வயதுப் பிள்ளை "அப்பா மன உளைச்சல் கொடுத்தார்" என்று பெரியவர் வார்த்தையில் ஒப்பித்தால் நிபுணருக்குச் சந்தேகம் வராதா? அவர் பிள்ளையோடு விளையாடுவார், படம் வரையச் சொல்வார், பெற்றோரையும் தனித்தனியே விசாரிப்பார். நடுவில் தவிப்பது பிள்ளைதான். வயிறார ஊட்டி, பயமில்லாமல் கூட்டிப்போங்கள், போதும்.