ஆம்பை மாத்து, ஆம்பை மாத்துன்னு உயிரை வாங்காதீங்க!

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எங்கே போனாலும் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையரைப் பற்றி இதே பேச்சுதான். ஸ்பீக்கர் சரியாகக் கேட்கவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், "ஆம்பை மாத்துங்கண்ணே, கிளாரிட்டி எங்கேயோ போயிடும்" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருத்தன் சீட்டு எடுத்த பணத்தை அப்படித்தான் ஒரு கடையில் கொட்டிவிட்டு வந்தான். அவன் வூஃபரில், அதாவது பேஸ் என்கிற தடித்த சத்தம் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கரில், கோன் ஓரத்து ரப்பர் கிழிந்து தொங்குகிறது. அதைப் பார்த்துச் சொல்ல அந்தக் கடையில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. வயிறு எரிகிறது!

வருகிற சிக்னலை அப்படியே பெருக்கிக் கொடுப்பதுதான் ஆம்பின் வேலை. காதுக்குக் கேட்கிற 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சமமாகக் கொடுத்து, டிஸ்டார்ஷன் (சவுண்டு சிதைவது) காதுக்கு எட்டாத அளவில் இருந்து, சக்திக்கு மீறி முறுக்காமலும் இருந்தால், எந்த ஆம்ப் ஓடுகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. 1987-லேயே அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை, ஆம்பைக் காட்டாமல் கேட்க வைத்துச் சோதித்தது. ரேடியோவும் ஆம்பும் ஒன்றாகச் சேர்ந்த மலிவான ரிசீவரும் இருந்தது, 12,000 டாலர் ஆம்பும் இருந்தது. ஆட்கள் சொன்ன பதிலெல்லாம் காசு சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரிதான் வந்தது.

கடையில் மட்டும் ஏன் வித்தியாசமாகக் கேட்கிறது? விலை கூடின செட்டை ஒரு துளி சத்தமாக வைக்கிறார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை "நல்ல சவுண்டு" என்று எடுத்துக்கொள்ளும். வாட்ஸ் கணக்கும் இப்படித்தான். 100 வாட்டிலிருந்து 200-க்குப் போனால் கூடுவது, சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில், வெறும் 3 டெசிபல். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். இதை எந்தக் கடைக்காரர் சொல்கிறார்?

ஆம்ப் முக்கியமான இடம் இல்லாமல் இல்லை. திருவிழாவுக்கு சவுண்ட் கட்டுகிற அண்ணன்களைக் கேளுங்கள். 8 ஓம்ஸ் பாக்ஸ் நாலைப் பேரலலாகப் போட்டால் 2 ஓம்ஸ். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தள்ள வேண்டும். அங்கே சக்தியில்லாத ஆம்ப் கொதித்துப் போகும், கிளிப் ஆகி, அதாவது முறுக்கின முறுக்கில் சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டு, கீச்சு சத்தம் கொடுக்கிற ட்வீட்டரையும் எரிக்கும். கண்ணாடிக் குழாய் வைத்த சில வால்வு ஆம்புகளும் ஸ்பீக்கரைப் பொறுத்து சவுண்டை மாற்றும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்துக்குப் பத்து அறையில், பீரோவுக்குப் பக்கத்து மூலையில் ஸ்பீக்கரைத் திணித்துவிட்டு, பேஸ் குமுறுகிறது என்று ஆம்பைத் திட்டுவது என்ன நியாயம்? மூலையிலிருந்து ரெண்டு அடி இழுத்து வையுங்கள், காசே இல்லாமல் மாறும்.

இனிமேல் ஆம்பை மாற்றச் சொல்கிறவர் ஒரு மல்டிமீட்டரோடு வரட்டும். ஸ்பீக்கர் முனையில் ரெண்டு ஆம்புக்கும் வோல்டேஜை ஒரு சதவீதத்துக்குள் சமமாக்கி, சத்தம் ஒரே அளவில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டு, எது எதுவென்று சொல்லட்டும். அதற்கப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.