'ஓகே' போர்க்களத்தில் பிறக்கவில்லை

நேற்று மறுபடியும் அந்தப் பதிவு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு நாள் யாருமே சாகவில்லை என்றால், பலகையில் ஒரு சுழியமும் பக்கத்தில் கே என்ற எழுத்தும் போடுவார்களாம். 'ஜீரோ கில்டு' என்பதுதான் 'ஓகே' ஆனதாம். பல வருடம் நானும் இதை நம்பியிருக்கிறேன். ஆனால் அந்தப் போர் தொடங்கியது 1861-இல். 1839 மார்ச் 23 அன்றே 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் ஓ.கே. அச்சாகிவிட்டது.

அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அந்தத் தப்பின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்', அதாவது 'எல்லாம் சரி' என்பதை ஒழுங்காகச் சுருக்கினால் ஏ.சி. என்றுதான் வரும். அவர்கள் 'ஓல் கொரெக்ட்' என்று எழுதினார்கள், ஓ.கே. ஆனது. எல்லாம் சரி என்று சொல்கிற சொல்லில் இரண்டு எழுத்துமே பிழை! இதைவிட நல்ல கதை எனக்கு வேண்டாம்.

'ஆல் ரைட்' என்பதையும் இதே மாதிரி, ரைட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூ சேர்த்து, 'ஓல் ரைட்' என்று தப்பாக எழுதி ஓ.டபிள்யூ. என்று சுருக்கினார்கள். அது மறைந்துவிட்டது. ஓகேயைக் காப்பாற்றியது 1840 அதிபர் தேர்தல். அதில் மறுபடியும் போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன் கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்தவர், 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்பது அவருடைய பட்டப்பெயர். ஆதரவாளர்கள் நியூயார்க்கில் ஓ.கே. கிளப்பே தொடங்கினார்கள். எதிரணியினரோ, முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துக்கூட்டத் தெரியாமல் எழுதியதுதான் ஓ.கே. என்று கிளப்பிவிட்டார்கள். வான் பியூரன் தோற்றுப்போனார். ஆனால் அதற்குள் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

இதையெல்லாம் 1960-களில் நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட். பழைய நாளிதழ்களைத் தேடித் தேடிப் படித்து எழுதினார். அவ்வளவு உழைப்பையும் ஒரு பொய்க்கதை மூடிவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

பொருளும் எனக்குப் பிடித்தது. ஓகேயில் பாராட்டு இல்லை, மறுப்பும் இல்லை. தடுக்கி விழுந்தவரிடம் 'ஓகேவா?' என்றால் அடிபடவில்லையே என்று கேட்கிறோம். பேச்சை முடிக்கவும் 'ஓகே, அப்புறம் பார்க்கலாம்'. நம்முடைய 'சரி' கிட்டத்தட்ட இந்த வேலையெல்லாம் செய்யும். ஆனால் 'படம் ஓகே' என்கிற இடத்தில் 'படம் சரி' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே நமக்கு 'பரவாயில்லை' இருக்கிறது.

அந்தப் பதிவு அடுத்த முறை வந்தால் 1839 மார்ச் 23 என்ற தேதியைப் பதிலாக அனுப்பப் போகிறேன்.