ஹெடோராவைத் திட்டுபவர்களுக்கு

1971-இல் வெளிவந்த ஜப்பானியப் படம் 'காட்சில்லா எதிர் ஹெடோரா'. நம் கழிவைத் தின்று வளரும் ஹெடோரா என்ற சேற்று அரக்கனோடு காட்சில்லா மோதும் கதை. அதைக் குப்பை என்று எழுதாதவர்கள் குறைவு. 1978-இல் அமெரிக்காவில் 'எல்லாக் காலத்திலும் மிக மோசமான ஐம்பது படங்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் இந்தப் படத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். ரப்பர் பொம்மைச் சண்டை, தலைகால் புரியாத கதை, போதாக்குறைக்குப் பிரசங்கம் என்ற மூன்று குற்றச்சாட்டுகளும் யார் எழுதினாலும் தவறாமல் வரும். விஸ்காம் படிக்கும் என் அண்ணன் மகனும் போன வாரம் இதையே வரிசை மாறாமல் ஒப்பித்தான். "சித்தப்பா, இதையெல்லாம் எப்படி முழுதாகப் பார்த்தீர்கள்?" என்று அனுதாபத்தோடு வேறு கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேலி செய்ய நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. காட்சில்லா வாயிலிருந்து வரும் அணுக்கதிரைத் தரையைப் பார்த்துப் பீய்ச்சி, வாலைச் சுருட்டிக்கொண்டு, பின்பக்கமாகப் பறக்கிறது. அந்தக் காட்சிக்கு வக்காலத்து வாங்க எந்த வக்கீலும் இல்லை. மொத்தமே 85 நிமிடம் ஓடும் படத்தில் கடைசிச் சண்டை மட்டும் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து போல நீள்கிறது, கூத்தில் இருக்கும் பாட்டுகூட இல்லாமல். நடுநடுவே சம்பந்தமில்லாமல் கார்ட்டூன் துண்டுகள் வருகின்றன. கோடை விடுமுறைக் குழந்தைகளுக்காக எடுத்த படத்தில் எலும்புக்கூடாகும் மனிதர்களைக் காட்டுகிறார்கள். படம் எந்த வயதுக்காரரிடம் பேசுகிறது என்று அதற்கே தெளிவில்லை.

ஆனால் எந்த நிலையில் எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி வந்து ஜப்பானியத் திரையரங்குகளைக் காலி செய்துகொண்டிருந்த நேரம் அது. பட நிறுவனங்கள் செலவைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தன. இயக்குநர் யோஷிமிட்சு பன்னோ, அகிரா குரோசாவாவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். நடிகர்கள் வரும் காட்சிகளுக்கு ஒரு குழு, அரக்கர்கள் மோதும் காட்சிகளுக்கு இன்னொரு குழு என்பதுதான் அந்தப் படங்களின் வழக்கம். இவருக்குக் கிடைத்தது ஒரே குழு, 35 நாட்கள். தயாரிப்பாளர் டொமோயுகி தனாகா அப்போது மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தவருக்குப் படம் அறவே பிடிக்கவில்லை. பன்னோவுக்கு இன்னொரு காட்சில்லா படத்தை இயக்கும் வாய்ப்பு கடைசிவரை அமையவில்லை. கையில் காசில்லாதவன் எடுத்த படத்தில் தையல் தெரியத்தான் செய்யும். தையல் தெரிகிறது என்று சொல்வதோடு விமர்சனம் முடிந்துவிடுகிறதா?

எனக்குக் கோபம் வருவது "நம்பும்படியாக இல்லை" என்று எழுதுபவர்கள் மீதுதான்.

படத்தில் ஒரு பள்ளி மைதானம் வருகிறது. மாணவிகள் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். மேலே ஹெடோரா கந்தக அமிலப் புகையைக் கக்கியபடி பறந்து போகிறது. கீழே பெண்கள் இருமிக்கொண்டே சரிகிறார்கள். மிகை என்று நீங்கள் சிரிக்கும் இந்தக் காட்சியைப் படம் பார்த்த தோக்கியோக்காரர்கள் அதற்கு முந்தைய ஆண்டுதான் செய்தித்தாளில் படித்திருந்தார்கள். 1970 ஜூலை 18 அன்று சுகினாமி பகுதிப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் 40-க்கும் மேற்பட்ட மாணவிகள் கண்ணெரிச்சலும் தொண்டை எரிச்சலுமாகச் சுருண்டு விழுந்தார்கள். வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து உண்டான நச்சுப் பனிப்புகைதான் காரணம். பன்னோ சேர்த்தது மேலே பறக்கும் அரக்கனை மட்டும்.

தொடக்கப் பாடலில் பாதரசம், காட்மியம் என்று பெயர்களை அடுக்குவதைப் பிரசங்கம் என்கிறார்கள். பாதரசம் என்றால் அந்த மக்களுக்கு மினமாட்டா. ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக உடலுக்குள் போய் நரம்பைத் தாக்கியது; 1956-இலேயே வெளியே தெரிந்த நோய். காட்மியம் என்றால் தொயாமா. சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, வயலுக்கு வந்து, அரிசி வழியாக எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 1971 ஜூன் மாதக் கடைசியில். படம் வெளியானது ஜூலை 24. அன்றைக்கு நீதிமன்ற வாசலில் நின்றிருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு வழக்குப் பட்டியல் போலத்தான் கேட்டிருக்கும். ஹெடோரா பிறக்கும் சுருகா விரிகுடாவும் கற்பனை இல்லை. அங்கே தாகோனோஉரா துறைமுகத்தில் காகித ஆலைகளின் கழிவுச் சேறு படிந்து, மீனவர்கள் திரண்டு போராடியதும் அந்த ஆண்டுகளில்தான்.

கழிவு நுரை மிதந்த கடலையும் புகை கவிந்த யொக்கைச்சி நகரத்தையும் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது என்று பன்னோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். நுரை என்றதும் நமக்கு நினைவு வர வேண்டாமா? 2019 டிசம்பரில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை ஒதுங்கியது. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புக் கழிவும் மழைவெள்ளத்தோடு கடலில் கலந்து அலையில் கடையப்பட்டதால் வந்தது. அதை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு குழந்தைகள் குதித்தார்கள், பெற்றோர் படம் எடுத்தார்கள். இதை ஒருவர் திரைக்கதையாக எழுதிக் கொண்டுபோனால், இவ்வளவு முட்டாள்தனமான பெற்றோரை யார் நம்புவார்கள் என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

நான் இருப்பது திருவொற்றியூரில். காற்று திசை மாறும் இரவுகளில் எங்கள் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகு, வலை, கண்டல் மரங்களின் வேர், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் ஒரே கறுப்புக் கோடு. மீனவர்கள் பக்கெட்டும் மக்குமாக நின்று எண்ணெயை அள்ளினார்கள். இறக்கையில் தார் அப்பியதைப் போலக் கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருந்தன. அது அடங்குவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் கடல் வழியாக ஒன்று, காற்று வழியாக ஒன்று. ஹெடோராவும் அப்படித்தான்: முதலில் நீரில் நீந்தும், பிறகு கரையேறும், பிறகு பறக்கும்.

அதனால்தான் படத்தின் சிறிய காட்சி ஒன்று என்னை விடவில்லை. இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்கும் நிலவறை விடுதி. படிக்கட்டு வழியாகச் சேறு மெல்ல இறங்கி வருகிறது. வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. படியில் ஒரு பூனைக்குட்டி மட்டும் மிச்சம், உடம்பெல்லாம் சேறு, வாயைத் திறந்து கத்துகிறது. இந்த ஒரு காட்சிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? வாளிச் சேறும் ஒரு பூனையும். பிறகு வந்த பெரிய பட்ஜெட் அழிவுப் படங்களில் நகரங்களே கடலில் மூழ்குகின்றன; அவற்றில் எனக்கு எதுவும் இப்படி ஒட்டிக்கொள்ளவில்லை. கதையில் வரும் சிறுவனின் அப்பாவையும் சொல்ல வேண்டும். விஞ்ஞானியான அவர் கடலுக்குள் இறங்கிப் பார்க்கப்போய் முகத்தின் ஒரு பாதி வெந்து வருகிறார். மருந்து தடவியதும் மறுநாள் எழுந்து நிற்கும் கதையில்லை இது. மீதிப் படத்தில் பெரும்பாலும் அந்தப் புண்ணோடு படுத்தபடியேதான் யோசிக்கிறார்.

பூஜி மலையடிவாரத்தில் இளைஞர்கள் கூட்டும் விழாவையும் பலர் அபத்தம் என்கிறார்கள். பத்து லட்சம் பேர் வரவேண்டும் என்று அழைக்கிறார்கள், வருவது நூறு பேர். தீ மூட்டிப் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். புல்வெளிக்குள்ளிருந்து கிழவர்கள் சிலர் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைத் துப்புரவுக்குப் பனியன் அச்சடித்துக்கொண்டு வரும் கூட்டத்தையும், அதைப் படகில் சாய்ந்து பார்க்கும் மீனவக் கிழவரையும் கண்டிருக்கிறேன். இயக்குநர் அபத்தம் என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்.

சரி, படத்தில் உண்மையான பழுதே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதை யாரும் தொடுவதில்லை. ஹெடோரா விண்வெளியிலிருந்து வந்ததாம்! நம் கழிவை உண்டு வளர்கிறதே தவிர, வித்து வேறெங்கோ இருந்து விழுந்தது என்கிறது கதை. சேறு இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, புகைபோக்கியின் சொந்தக்காரர் மட்டும் படத்தில் எங்குமே இல்லை. மின்முனைகளை நட்டு ஹெடோராவை உலர்த்த இராணுவம் திட்டம் போடுகிறது. மின்சாரம் நின்றுபோக, அதையும் காட்சில்லா வந்து முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. நிஜத்தில் அப்படி யாரும் கடலிலிருந்து எழுந்து வரவில்லை. படம் வெளியாகிச் சரியாக ஓராண்டு கழித்து, 1972 ஜூலை 24 அன்று, யொக்கைச்சி வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆஸ்துமாவால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள் ஒன்பது பேர் 1967-இல் தொடுத்த வழக்கு அது. ஆறு நிறுவனங்கள் பொறுப்பு என்றது நீதிமன்றம். நீதிமன்றத்துக்கு இருந்த துணிச்சல் திரைக்கதைக்கு இல்லாமல் போனதைத்தான் விமர்சகர்கள் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அவர்களோ ரப்பர் உடையில் ஜிப் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பீர்கள். இரண்டரை. காட்சில்லா பறந்ததற்காக ஒன்று கழித்தேன், விண்வெளிக்காக ஒன்றரை.