ஃபென்வே பார்க்கில் டிக்கெட் எடுக்கும் முன்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பேஸ்பால் மைதானமான ஃபென்வே பார்க்கில் எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1912இல் திறந்த மைதானம் அது. கிராண்ட்ஸ்டாண்ட் எனும் கூரையிட்ட பார்வையாளர் பகுதியின் கூரையை இன்றும் இரும்புத் தூண்கள்தான் தாங்குகின்றன. தூணுக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டால் பந்து எறிபவரோ பேட்டரோ, ஒருவர் கண்ணில் படமாட்டார். டிக்கெட்டில் பார்வை மறைப்பு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வலது மூலையில், 1ஆம் எண் பகுதியிலிருந்து முதல் சில பகுதிகளில் வேறு தொல்லை: நாற்காலிகள் ஹோம் பிளேட்டை (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) பார்த்துப் போடப்படவில்லை, ஆட்டம் முழுக்க இடப்பக்கம் கழுத்தைத் திருப்பியே இருக்க வேண்டும். மர இருக்கைகள் குறுகல், முழங்கால் இடிக்கும். (அந்தக் காலத்து ஆட்களின் அளவுக்குச் செய்தது போல!)

மைதானத்தின் பின்கோடியில் உள்ள பிளீச்சர்ஸ் எனும் திறந்தவெளி இருக்கைப் பகுதியில் கூரை கிடையாது. மாலை ஆட்டமென்றால் சாயும் வெயில் முகத்தில் அடிக்கும், தொப்பி அவசியம். அங்கே 42ஆம் பகுதியில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி: 1946இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் விழுந்த இடம். ஏப்ரல் இரவுகளுக்குத் தடித்த ஜாக்கெட் வேண்டும்.

காரை விட்டுவிட்டு கிரீன் லைன் எனும் நகர ரயில் தடத்தில் கென்மோர் நிலையத்தில் இறங்குங்கள். பி, சி, டி ரயில்கள் அங்கே நிற்கும். நகர மையத்திலிருந்து வரும்போது ஈ ரயில் அதற்கு முன்பே வேறு பக்கம் பிரிந்துவிடும்.